எலும்பு தெரியும் புண்: தோல் ஒட்டினால் போதாதா?

வாசகி கேட்கிறார்:

"என் கணவருக்கு 36 வயது. கடலூர் துறைமுகத்தில் ஐஸ் பெட்டியும் மீன் லோடும் ஏற்றி இறக்கும் வேலை. 11 நாளைக்கு முன்னால் ரெட்டிச்சாவடி பக்கம் பைக்கில் வரும்போது லாரி இடித்துவிட்டது. இடது காலில், கணுக்காலுக்கு நாலு விரல் மேலே எலும்பு முறிந்து வெளியே வந்துவிட்டது. காலுக்கு வெளியே கம்பி போட்டு நிறுத்தியிருக்கிறார்கள். இரண்டு முறை தியேட்டருக்குக் கொண்டுபோய்ச் சுத்தம் செய்தார்கள். முன்பக்கம் உள்ளங்கை அகலத்துக்குப் புண், நடுவில் எலும்பு வெள்ளையாகத் தெரிகிறது. விரல் அசைகிறது, பாதத்தைத் தொட்டால் உணர்வு இருக்கிறது. 'ஃபிளாப் வைக்க வேண்டும், புதுச்சேரிக்குப் போங்கள்' என்கிறார் டாக்டர். நல்ல இடத்துச் சதையை வெட்டினால் அந்த இடமும் வீணாகிவிடும் என்று என் மாமியார் அழுகிறார். பக்கத்து வீட்டுப் பெண்ணுக்குத் தீக்காயத்துக்குத் தொடைத் தோலை எடுத்து ஒட்டியே ஆறிவிட்டது. இவருக்கும் அது போதாதா? தினமும் கட்டு மாற்றினால் சதை தானாக வளர்ந்து மூடிவிடும் என்கிறார் ஒருவர். காலை எடுத்துவிட்டால் சீக்கிரம் வேலைக்குப் போகலாம் என்கிறார் இன்னொருவர். இவருக்குச் சர்க்கரை இல்லை. பீடி உண்டு. என்ன செய்வது என்று தெரியவில்லை."

புதுச்சேரி பிளாஸ்டிக் சர்ஜன் பதில் சொல்கிறார்:

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் பதிலைச் சொல்லிவிடுகிறேன், விளக்கம் அப்புறம். உங்கள் டாக்டர் சொன்னது சரி. தோல் ஒட்டு இந்தப் புண்ணுக்குப் பிடிக்காது. கட்டு மாற்றிக்கொண்டே காத்திருப்பதில் ஆபத்து இருக்கிறது. நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் காலை எடுக்கவும் அவசரமில்லை. இந்தக் கடிதத்தைப் படித்த மறுநாளே கிளம்புங்கள். எந்த ஃபிளாப், எந்த இடத்திலிருந்து என்பதை அவர் காலைத் தொட்டுப் பார்ப்பவர்தான் முடிவு செய்ய வேண்டும். ஆனால் அவர் என்ன யோசிப்பார், உங்களிடம் என்ன சொல்வார் என்பதை நீங்கள் முன்கூட்டியே தெரிந்துகொண்டு வந்தால், கையெழுத்துக் கேட்கும்போது பயப்படாமல் போடலாம்.

பக்கத்து வீட்டுப் பெண்ணுக்குச் செய்தது ஸ்கின் கிராஃப்ட். தொடையிலிருந்து காகிதம்போல் மெல்லிய தோலைச் சீவி எடுத்துப் புண்மேல் விரிப்பது. அந்தத் தோலுக்குச் சொந்தமாக ரத்த ஓட்டம் கிடையாது. முதல் இரண்டு நாள் கீழே உள்ள ஈரத்தை உறிஞ்சித்தான் உயிரோடு இருக்கும். அதற்குள் அடியிலிருந்து பொடி ரத்தக்குழாய்கள் முளைத்து அதற்குள் நுழைந்துவிட வேண்டும். தீக்காயத்தில் அடியில் சதையோ கொழுப்போ இருந்திருக்கும். நல்ல ஈரமண்ணில் நட்ட நாற்று மாதிரி பிடித்துக்கொண்டது. உங்கள் வீட்டுக்காரரின் புண்ணில் அடியில் இருப்பது வெறும் எலும்பு. பாறைமேல் நாற்று நட முடியாது.

எலும்பில் ரத்தம் இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறது. எலும்புக்கு இரண்டு வழியில் ரத்தம் வருகிறது: உள்ளே மஜ்ஜை வழியாக ஒன்று, வெளியே எலும்பைப் போர்த்தியிருக்கும் மெல்லிய சவ்வு வழியாக ஒன்று. அந்தச் சவ்வு மிச்சமிருந்தால் அதன்மேல் தோல் ஒட்டுகூடப் பிடிக்கும். லாரி இடித்த வேகத்தில் எலும்பு முறிந்தபோது உள்வழி அறுந்துவிட்டது; சவ்வும் உரிந்துபோனதால்தான் எலும்பு வெள்ளையாகத் தெரிகிறது. இரண்டு வழியும் அடைபட்ட எலும்பு காற்றுப்படக் கிடந்தால் காய்ந்து சாகும். செத்த எலும்புக்குள் மாத்திரையும் ஊசியும் போய்ச் சேராது, ஏனென்றால் மருந்தைக் கொண்டுபோவதே ரத்தம்தான். கிருமி அங்கே குடியேறினால் வருஷக்கணக்கில் சீழ் வடிந்துகொண்டே இருக்கும்.

ஆகவே அந்த எலும்புமேல், தன் ரத்தக்குழாயோடு வரும் உயிருள்ள தோலையோ சதையையோ கொண்டுவந்து போர்த்த வேண்டும். அதுதான் ஃபிளாப். உங்கள் வீட்டில் மல்லிகைக்குப் பதியன் போட்டிருப்பீர்கள். கிளையைத் தாய்ச்செடியிலிருந்து வெட்டாமல் வளைத்து, பக்கத்து மண்ணில் பதிப்போம். வேர் விடும்வரை தாய்ச்செடியே அதற்குச் சோறு போடும். பெரும்பாலான ஃபிளாப்கள் அந்த மாதிரிதான். ஒரு பக்கம் காம்பு விட்டிருக்கும், காம்புக்குள் ரத்தக்குழாய் ஓடும்.

இதில் கால் மட்டும் எங்களைத் தனியாகப் படுத்தும். முழங்காலுக்குக் கீழே உள்ள நீளத்தை மூன்று பங்காகப் பிரிப்போம். மேல் பங்கில் புண் என்றால் கவலை குறைவு. கெண்டைக்கால் சதையின் உள்பக்கப் பாதியை அப்படியே முன்னால் திருப்பி மூடிவிடலாம். சதைமேல் தோல் ஒட்டு அழகாகப் பிடிக்கும். நடுப் பங்குக்கு அதற்கு அடியில் இருக்கும் இன்னொரு தசை. கீழ்ப் பங்குக்கு வந்தால் சதையே இல்லை. உங்கள் கணுக்காலுக்கு மேலே முன்பக்கம் விரலால் அழுத்திப் பாருங்கள்: தோல், உடனே எலும்பு. பக்கத்தில் கடன் வாங்க ஒன்றும் கிடையாது. உங்கள் கணவருக்கு அடிபட்டது சரியாக அந்த இடத்தில்தான்.

அந்த இடத்துக்கு நான்கு வழிகள் இருக்கின்றன.

ஒன்று, பக்கத்துத் தோலையே திருப்புவது. சதையிலிருந்து தோலுக்கு ஏறிவரும் சின்ன ரத்தக்குழாய் ஒன்றை, பென்சில்போல் இருக்கும் டாப்ளர் கருவியை வைத்துத் தேடுவோம். கிடைத்தால் 'ஷ்… ஷ்…' என்று நாடி கேட்கும். அந்த ஒரு குழாயை அச்சாக வைத்து, மேலிருக்கும் தோலை ஃபேன் இறக்கைபோல் சுற்றிக் கீழே கொண்டுவருவோம். 180 டிகிரிவரை திருப்பலாம். சின்னப் புண்ணுக்கு இது அருமையான வழி. லாரி இடித்த காலில் பக்கத்துத் தோலும் நசுங்கியிருக்கும், அந்தக் குழாயும் கிழிந்திருக்கலாம் என்பதுதான் இதில் யோசிக்க வேண்டியது.

இரண்டாவது, கெண்டைக்காலின் பின்பக்கத் தோலைத் தலைகீழாகக் கீழே இறக்குவது. பிரான்சின் சர்ஜன் மாஸ்க்லே 1992-இல் இதை விளக்கி எழுதிய பிறகு உலகம் முழுக்கப் பரவியது. நம் ஊர்ப்பக்கம் மைக்ரோஸ்கோப் இல்லாத மருத்துவமனைகளில் எத்தனையோ கால்களைக் காப்பாற்றியது இந்த ஃபிளாப்தான். இதன் காம்பு, வெளிப்பக்கக் கணுக்கால் எலும்புக்குச் சுமார் 5 செ.மீ. மேலே இருக்கும் ரத்தக்குழாயை நம்பியிருக்கிறது. நீங்கள் சொல்லும் நாலு விரல் உயரமும் கிட்டத்தட்ட அதுவேதான். அடியின் வேகம் வெளிப்பக்கம்வரை போயிருந்தால் அந்தக் காம்பை நம்ப முடியாது. உங்கள் டாக்டர் உள்ளூரிலேயே செய்யாமல் புதுச்சேரிக்கு அனுப்புவதற்கு இது ஒரு காரணமாக இருக்கலாம். அவர்மேல் சந்தேகப்பட வேண்டாம்; பொறுப்பாகத்தான் யோசித்திருக்கிறார்.

மூன்றாவது, ஃப்ரீ ஃபிளாப். பதியன் இல்லை இது. செடியை வேரோடு மண்ணோடு பெயர்த்து வேறு தோட்டத்தில் வைத்து, தண்ணீர்க் குழாயைப் புதிதாக இணைப்பது. தொடையிலிருந்து தோலையோ சதையையோ அதன் தமனி, சிரையோடு எடுத்து, காலில் அடிபடாத இடத்து ரத்தக்குழாயோடு மைக்ரோஸ்கோப் வழியாகத் தைப்போம். குழாயின் அகலம் 2 மி.மீ. சுற்றி இருக்கும், தைக்கும் நூல் தலைமுடியைவிட மெல்லியது. 1973-இல் ஆஸ்திரேலியாவில் டேனியல், டெய்லர் என்ற இருவர் தொடையிடுக்குத் தோலை ஒருவருடைய கணுக்கால் பக்கத்துப் புண்ணுக்கு இப்படிக் கொண்டுபோனார்கள். இன்று பழகிய கைகளில் 100-க்கு 95 பிடித்துவிடுகிறது. ஆபரேஷனுக்கு ஆறு, ஏழு மணி நேரம் ஆகலாம். வெளியே உட்கார்ந்திருக்கும் உங்களுக்கு அது ஒரு யுகமாகத் தெரியும். நேரம் நீள்வதாலேயே ஏதோ ஆகிவிட்டது என்று நினைக்காதீர்கள்.

நான்காவது, ஒரு காலின் தோலை மறு காலில் பதிப்பது. இரண்டு கால்களையும் சேர்த்துக் கட்டி மூன்று வாரம் வைத்திருந்து, பிடித்த பிறகு காம்பை வெட்டிப் பிரிப்போம். சுத்தமான பதியன். படுக்கையில் திரும்பிப் படுக்கக்கூட முடியாது, மூன்று வாரமும் நரகம். ஆனால் அடிபட்ட காலில் இணைக்க நல்ல ரத்தக்குழாய் இல்லாதபோது இன்றைக்கும் கைகொடுக்கிறது. பழைய முறை என்று யாராவது இளக்காரமாகச் சொன்னால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

உங்கள் கணவருக்கு மூன்றாவது வழியை முதலில் யோசிப்பார்கள் என்று நினைக்கிறேன்.

இந்த நான்கையும்விடப் பெரிய வேலை ஒன்று இருக்கிறது, அதைப் பற்றி யாரும் கேட்பதில்லை. சுத்தம் செய்வது. ஃபிளாப் வைப்பதற்கு முன் அந்த எலும்பை உளியால் கொஞ்சம் கொஞ்சமாகச் சீவுவோம். செத்த எலும்பு காய்ந்த சுண்ணாம்பு மாதிரி மங்கலாக இருக்கும், சீவினால் உலர்ந்து உதிரும். சீவிக்கொண்டே போகும்போது ஓர் இடத்தில், குண்டூசி முனை அளவுக்குச் சிவப்புப் புள்ளி ஒன்று பூக்கும். துடைத்தால் மறுபடி வரும். பக்கத்தில் இன்னொன்று, அப்புறம் நாலைந்து. அங்கே எலும்புக்கு உயிர் இருக்கிறது. அதுவரை போகாமல் மேலே எவ்வளவு நல்ல ஃபிளாப் வைத்தாலும் அழுக்குத் தரையில் பாய் விரித்த கதைதான். ஆகவே 'மறுபடியும் சுத்தம் செய்ய வேண்டும்' என்று மூன்றாவது முறை தியேட்டருக்குக் கூப்பிட்டால் சலித்துக்கொள்ளாதீர்கள்.

சரி, ஏன் இவ்வளவு அவசரப்படுத்துகிறேன்? ஸ்லோவேனியாவின் லியுப்லியானா நகரில் வேலை பார்த்த சர்ஜன் மார்கோ கோடினா 532 நோயாளிகளின் கணக்கை 1986-இல் வெளியிட்டார். அடிபட்ட 72 மணி நேரத்துக்குள் ஃப்ரீ ஃபிளாப் வைத்தவர்களில் அது தோற்றது 100-க்கு ஒன்றுக்கும் குறைவு. அதற்குப் பிறகு மூன்று மாதம்வரை காத்திருந்து வைத்தவர்களில் 100-க்கு 12. நாள் போகப் போகப் புண்ணைச் சுற்றியுள்ள ரத்தக்குழாய்கள் வீங்கித் தடித்து, தொட்டாலே கிழியும் பக்குவத்துக்கு வந்துவிடுகின்றன; கிருமியும் ஆழமாக இறங்கிவிடுகிறது. 11 நாள் ஆகிவிட்டதே என்று கலங்க வேண்டாம். நல்ல சுத்தமும், புண்ணில் ஊறும் நீரை உறிஞ்சும் வேக் மெஷினும் இருப்பதால் இன்று இரண்டாவது வாரத்திலும் நன்றாகவே செய்கிறோம். கை மீறவில்லை. அதே சமயம், அந்த மெஷின் புண்ணைத் தற்காலிகமாகக் காப்பாற்றி வைக்கும் ஏற்பாடு. அதுவே எலும்பை மூடிவிடும் என்று யாராவது சொன்னால் நம்பிக் காத்திருக்காதீர்கள்.

என் ஆரம்ப வருஷங்களில், பண்ருட்டிப் பக்கம் முந்திரித் தோப்பில் வேலை பார்த்த ஒருவர் இதேபோன்ற புண்ணோடு முதல் வாரத்தில் என்னிடம் வந்தார். 'வீட்டில் பேசிவிட்டு வருகிறோம்' என்று கிளம்பினார்கள். சரி என்று விட்டுவிட்டேன். ஊரில் யாரிடமோ தினமும் கட்டு மாற்றிக்கொண்டு, நான்கு மாதம் கழித்து வந்தார். ஓரமெல்லாம் சிவப்பாகச் சதை வளர்ந்திருந்தது. நடுவில் எலும்பு கறுத்துக் கிடந்தது. 5 செ.மீ. எலும்பை வெட்டி எடுக்க வேண்டியதாயிற்று. அந்த இடைவெளியை நிரப்பக் காலைச் சுற்றி வளையம் மாட்டிக்கொண்டு ஒரு வருஷத்துக்கு மேல் இருந்தார். அன்றைக்கு அவர் மனைவியை உட்கார வைத்து, இப்போது உங்களுக்குச் சொல்வதுபோல் விளக்கியிருக்க வேண்டும். அந்த வருத்தம் எனக்கு இன்னும் இருக்கிறது.

இனி உங்கள் மாமியாருக்கு. அம்மா, நீங்கள் பயப்படுவது நியாயம். ஆனால் எதை எடுத்தால் உடம்பு சமாளித்துக்கொள்ளும் என்று பார்த்துத்தான் எடுப்போம். தொடையின் வெளிப்பக்கத் தோலை எடுத்தால், அகலம் அதிகமில்லாதபோது இழுத்துத் தைத்துவிடலாம். நீளமாக ஒரு தழும்பு, சுற்றிலும் கொஞ்சம் மரமரப்பு. தொடையின் உள்பக்கத்தில் மெல்லிய தசை ஒன்று இருக்கிறது. அதன் வேலையைப் பக்கத்துத் தசைகள் பார்த்துக்கொள்ளும், எடுத்தது நடையில் தெரியாது. முதுகுத் தசையையும் இதற்கு எடுப்பதுண்டு. பெரிய புண்ணுக்கு அது நல்ல போர்வை. ஆனால் உங்கள் மகன் லோடு தூக்குகிறவர். ஆபரேஷனுக்கு முன் அவருடைய வேலை என்ன என்பதை மறக்காமல் டாக்டரிடம் சொல்லுங்கள். நானாக இருந்தால் வேறு வழி இருக்கும்வரை அவர் முதுகைத் தொடத் தயங்குவேன்.

பீடி விஷயத்தில் கறாராகச் சொல்கிறேன், மன்னியுங்கள். இன்றோடு நிறுத்த வேண்டும். ஒரு பீடியில் இருக்கும் நிகோடின் பொடி ரத்தக்குழாய்களைச் சுருக்கிவிடும். புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடு ரத்தத்தில் பிராணவாயுவின் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். 2 மி.மீ. குழாயை நம்பி ஒரு ஃபிளாப் உயிர் பிழைக்கிறது. பார்க்க வரும் நண்பர்கள் வெளியே இழுத்துவிட்டு வந்து, 'ஒன்றே ஒன்று' என்று பாத்ரூமுக்குக் கூட்டிப்போவார்கள். வாசலிலேயே தடுத்துவிடுங்கள். உங்களைக் கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை.

சாப்பாட்டில் இதற்கு நேர்மாறாக வாரிக் கொடுங்கள். மீன் சாப்பிட்டால் சீழ் வைக்கும், முட்டை சாப்பிட்டால் புண் ஆறாது என்று ஊரில் பத்தியம் சொல்வார்கள். புண் ஆறுவதற்குப் புரதம்தான் முதல் தேவை. துறைமுகத்திலேயே இருக்கிறீர்கள், கிடைக்கிற மீனைக் குழம்பு வைத்துக் கொடுங்கள். தினம் இரண்டு முட்டை, பருப்பு, கீரை. எண்ணெயில் பொரித்ததைக் குறைத்தால் போதும்.

காலை எடுப்பது பற்றி. அது பாவமும் இல்லை, தோல்வியும் இல்லை. அமெரிக்காவில் 8 விபத்துச் சிகிச்சை மையங்களில் மிக மோசமாக அடிபட்ட கால்களைத் தொடர்ந்து கவனித்து 2002-இல் வெளியிட்டார்கள்: காலைக் காப்பாற்றியவர்களும் எடுத்தவர்களும் இரண்டு வருஷம் கழித்து ஏறக்குறைய ஒரே நிலையில்தான் இருந்தார்கள். அதனால் சில கால்களுக்கு நானே எடுக்கச் சொல்லியிருக்கிறேன். ஆனால் அந்த முடிவை வாயால் எடுக்கக் கூடாது. நம் கோயம்புத்தூர் கங்கா மருத்துவமனையில் தோல், எலும்பு, தசை மூன்றுக்கும் மதிப்பெண் போட்டு, வயது, சர்க்கரை போன்றவற்றையும் சேர்த்துக் கூட்டும் முறை ஒன்றை உருவாக்கினார்கள். 14-ம் அதற்குக் கீழும் என்றால் காலைக் காப்பாற்றலாம். 17-ம் அதற்கு மேலும் என்றால் எடுப்பது நல்லது. நடுவில் வந்தால் அனுபவம் உள்ளவர் பார்த்து முடிவு செய்ய வேண்டும். விரல் அசைகிறது, உணர்வு இருக்கிறது, சர்க்கரை இல்லை, வயது 36. நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் காப்பாற்றும் பக்கம்தான் இருக்கிறது. மதிப்பெண் எவ்வளவு என்று டாக்டரிடம் கேளுங்கள், தப்பாக நினைக்க மாட்டார்.

இதற்குள் யாராவது கம்பியைக் கழற்றிவிட்டு நாட்டுக் கட்டுப் போடலாம் என்றால் வேண்டாம். எலும்பு தெரியும் புண்ணைக் கட்டுக்குள் மூடினால் உள்ளே அழுகும்.

கிளம்பும்போது எக்ஸ்ரே எல்லாவற்றையும், இரண்டு ஆபரேஷன் குறிப்புகளையும், சீழ்ப் பரிசோதனை எடுத்திருந்தால் அந்த ரிப்போர்ட்டையும் கேட்டு வாங்குங்கள். ரேஷன் கார்டு, ஆதார், முதலமைச்சர் காப்பீட்டு அட்டை மூன்றும் கையில் இருக்கட்டும். அந்தக் காப்பீட்டில் ஒரு குடும்பத்துக்கு வருஷத்துக்கு 5 லட்சம்வரை உண்டு. போகும் மருத்துவமனையில் இந்தச் சிகிச்சைக்கு அது செல்லுமா என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள். கோரிமேடு ஜிப்மரில் பிளாஸ்டிக் சர்ஜரித் துறை இருக்கிறது. வண்டியில் காலைத் தொங்கவிடாமல் இரண்டு தலையணைமேல் வையுங்கள்.

ஆபரேஷன் முடிந்த முதல் இரண்டு ராத்திரிதான் எங்களுக்குத் தூக்கம் வராத ராத்திரி. நர்ஸ் மணிக்கொரு முறை வந்து ஃபிளாப்பை விரலால் அழுத்தி எடுப்பார். வெளுத்த இடம் 'ஒன்று, இரண்டு' என்று எண்ணுவதற்குள் மறுபடி சிவந்தால் நல்லது. அழுத்தியது வெளுத்தே இருந்து, தொட்டால் குளிர்ந்திருந்தால் ரத்தம் உள்ளே வரவில்லை. ஊதா நிறமாகி, அழுத்தி எடுத்ததும் சட்டென்று நிறைந்தால் ரத்தம் வெளியே போக வழியில்லை. இரண்டிலும் உடனே மறுபடி தியேட்டருக்குப் போனால் பல சமயம் காப்பாற்றிவிடலாம். ராத்திரி மூன்று மணிக்கு நிறம் மாறியதுபோல் உங்களுக்குத் தோன்றினாலும் எழுந்துபோய்ச் சொல்லுங்கள். விடியட்டும் என்று இருக்க வேண்டாம்.

அப்புறம் காலை உயரத்தில் வைத்தே சில நாள். பிறகு ஐந்து நிமிஷம், பத்து நிமிஷம் என்று தொங்கவிட்டுப் பழக்குவார்கள், கிரேப் பேண்டேஜ் சுற்றி. ஃபிளாப் ஆற இரண்டு மூன்று வாரம். எலும்பு கூடுவதற்கு மாதக்கணக்கில் ஆகும், இடையில் எலும்பு ஒட்டு வைக்கவும் நேரலாம். ஊன்றுகோல் பிடித்து நடக்கும் காலம் அது. முதலில் ஃபிளாப் உப்பலாகத் தெரியும். பெரும்பாலும் நாள்பட வற்றும், வற்றாவிட்டால் ஆறு மாதத்துக்குப் பிறகு சின்ன ஆபரேஷனில் குறைத்துக்கொள்ளலாம்.

துறைமுகத்துக்குத் திரும்பும் நாளில் ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும். புதிதாக வைத்த தோலில் உணர்வு இருக்காது, அல்லது மிகக் குறைவாக இருக்கும். ஐஸ் பெட்டி அந்த இடத்தில் பத்து நிமிஷம் சாய்ந்திருந்தாலும் அவருக்குத் தெரியாது, தோல் புண்ணாகிவிடும். முழங்கால்வரை வரும் ரப்பர் பூட்ஸ் வாங்கிக் கொடுங்கள், உள்ளே தடித்த காட்டன் சாக்ஸ். வீட்டுக்கு வந்ததும் விளக்கு வெளிச்சத்தில் அந்த இடத்தை நீங்கள் ஒரு முறை பார்த்துவிடுங்கள்.